நூற்புழுவுக்கு வாசனை எண்ணெய் வாங்கலாமா? ஏக்கருக்கு எண்பது கிலோ கணக்கு

போன மாதம் ஒரு காலையில் மச்சான் போன் செய்தார். "மாப்ள, ஓம எண்ணெய் ஊத்துனா நூற்புழு செத்துருமாமே, நாலு லிட்டர் சொல்லி விடட்டுமா?" அவருக்கு ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு ஏக்கர் செம்மண் தோட்டம், சொட்டுநீர் இருக்கிறது, மூன்று வருடமாகத் தக்காளிக்குப் பின் தக்காளி, நடுவில் ஒரு தடவை கத்திரி. போன போகத்தில் செடிகள் மதிய வெயிலில் துவண்டு சாயங்காலம் நிமிர்ந்துகொண்டிருந்தன, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு மணி நேரம் மோட்டார் ஓட்டியிருக்கிறார், அப்புறம் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க இஞ்சிக் கிழங்கு மாதிரி புடைத்துக் கிடக்கிறது. வேர்முடிச்சு நூற்புழு, அதாவது மண்ணிலிருந்து வேருக்குள் புகுந்து முடிச்சு போட வைக்கிற, கண்ணுக்குத் தெரியாத புழு. அடுத்த தக்காளிக்கு என்ன செய்வது என்பது ஒரு கவலை, வரப்பை ஒட்டி 400 கொய்யாக் கன்று வைக்கலாமா என்ற யோசனை வேறு.

நான் சின்னதாக ஒரு நாற்றங்கால் நடத்துகிறேன், குழித்தட்டில் காய்கறி நாற்று, பையில் பழக்கன்று. அதனால் இந்தக் கேள்வி என் தலையிலும் ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருந்ததுதான். போனில் சுருக்கமாகச் சொன்னது இவ்வளவுதான்: "நாலு லிட்டர் வயலுக்குக் காணாது, நாற்றங்காலுக்கு ரொம்ப அதிகம்." அவருக்கு அது விளங்கவில்லை, கோபம்கூட வந்தது போல. விரித்து எழுதுகிறேன்.

எண்ணெய் விஷயம் பொய்யில்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். இஸ்ரேல் ஆராய்ச்சியாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 27 வாசனை எண்ணெய்களை வேர்முடிச்சு நூற்புழுவின் இளம்புழுக்கள் மேல் சோதித்தார்கள். லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி என்ற அளவில் 12 எண்ணெய்கள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட புழுக்களை அசைவில்லாமல் ஆக்கின, அவற்றில் பெரும்பாலானவை முட்டை பொரிவதையும் தடுத்தன. பெருஞ்சீரகம், சீமைச்சோம்பு, இரண்டு புதினா வகைகள் முன்வரிசையில் நின்றன. அதோடு விடாமல் மணற்பாங்கான மண்ணில் கிலோவுக்கு 100, 200 மில்லிகிராம் என்று கலந்து வெள்ளரி நாற்று வைத்துப் பார்த்தார்கள், வேர்முடிச்சு குறைந்தது. அதற்கு அப்புறம் பல நாடுகளில் இதே மாதிரி சோதனைகள் குவிந்துவிட்டன. வேலை செய்கிற பொருட்கள் நம் அடுக்களையிலேயே இருப்பவை: ஓமத்தில் தைமால், கிராம்பில் யூஜினால், பட்டையில் சின்னமால்டிஹைடு, பெருஞ்சீரகத்தில் அனெத்தோல், பாமரோசாப் புல்லில் ஜெரானியால், எலுமிச்சைப் புல்லில் சிட்ரால். நம்மூரில் சுலபமாகக் கிடைக்கும் நீலகிரித் தைலத்தை நம்பி இறங்க வேண்டாம், அதில் முக்கியமாக இருக்கும் சினியோல் இந்தப் புழு விஷயத்தில் தைமால், யூஜினால் பக்கத்தில்கூட வராது.

ஆனால் "அசைவில்லாமல்" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். சோதனைத் தட்டில் புழு ஆடாமல் கிடந்தால் அது செத்ததா மயங்கியதா என்று தெரியாது, நல்ல தண்ணீரில் கழுவி ஒரு நாள் வைத்துப் பார்த்தால்தான் தெரியும், சில எண்ணெய்களில் கணிசமான புழுக்கள் எழுந்து ஓட ஆரம்பித்துவிடும். இது எண்ணெய்க்கு மட்டும் உள்ள குறை இல்லை. நம் அப்பா காலத்தில் வாழைக்கன்றுக்குத் தூவிய கார்போஃபியூரான் குருணையும் வயலில் போடும் அளவில் பெரும்பாலும் புழுவை மயக்கத்தான் செய்தது, அதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் அதன் சூத்திரம். மயக்கம் எவ்வளவு நாள் நீடிக்கிறது என்பதில்தான் விஷயம். வாசனை எண்ணெய் என்றாலே ஆவியாகிப் பறக்கிற சரக்கு, போதாததற்கு மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சாப்பிட்டு முடிக்கும், தைமாலுக்கு மண்ணில் ஆயுள் சில நாட்கள்தான். புழுவின் வாழ்க்கைச் சுற்றோ நம்மூர்ச் சூட்டில் 25, 30 நாள், ஒரு பெண் புழு சில நூறு முட்டைகளைப் பசை மாதிரி ஒரு கூட்டுக்குள் இடுகிறது. எண்ணெய் பறந்த பிறகு பொரிகிற முட்டைக்கு யார் பதில் சொல்வது?

வேருக்குள் போய் உட்கார்ந்துவிட்ட பெண் புழுவை எண்ணெய் தொடவே தொடாது. இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் எண்ணெய் கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் நிற்கிற செடிக்கு ஊற்றத்தான் கேட்கிறார்கள். நானும் அதைச் செய்து பார்த்தேன். முடிச்சு தெரிந்த மிளகாய் நாற்று நான்கு தட்டுக்கு கிராம்பு இலை எண்ணெயை சோப்புக் கரைசலில் கலந்து ஊற்றினேன், இரண்டாம் நாள் காலையில் நாற்று வெந்நீர் பட்ட கீரை மாதிரி கிடந்தது. யூஜினால் களைக்கொல்லியாகவும் பயன்படுகிற பொருள் என்று அதற்கு அப்புறம்தான் படித்தேன். நாற்றும் போச்சு, முடிச்சைப் பிளந்து பார்த்தால் உள்ளே முத்து மாதிரி பெண் புழு அப்படியே இருக்கிறது.

சரி, நடுவதற்கு முன்பே மண்ணுக்குக் கொடுத்தால்? இங்கேதான் கணக்கு வருகிறது, மச்சானுக்கும் இதைத்தான் சிமெண்டு சாக்கின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்.

ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். வேர் ஓடுகிற மேல்மண் 15 சென்டிமீட்டர் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் சுமார் 600 கன மீட்டர் மண், கன மீட்டருக்கு 1,300 கிலோ வைத்தால் கிட்டத்தட்ட 800 டன். கிலோவுக்கு 100 மில்லிகிராம் எண்ணெய் என்றால் 80 கிலோ எண்ணெய். 200 மில்லிகிராம் என்றால் 160. எண்ணெய் கிலோ ஆயிரம் ரூபாய் என்று மலிவாகவே வைத்துக்கொள்வோம், ஏக்கருக்கு எண்பதாயிரம், அதுவும் ஒரே ஒரு தடவைக்கு. தக்காளி விலை எப்போது ஏறும் எப்போது இறங்கும் என்று தெரியாத ஊரில் யார் எண்பதாயிரத்தை மண்ணில் ஊற்றிவிட்டு நாலாவது நாள் அது ஆவியாகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்? இன்னொரு கோணத்தில் பார்த்தால், ஒரு எக்டர் பாமரோசா ஒரு வருடத்தில் தரும் எண்ணெயே நூறு கிலோவை ஒட்டித்தான். ஆக ஒரு ஏக்கர் தக்காளியைக் காப்பாற்ற இரண்டு ஏக்கர் புல்லை வடிக்க வேண்டும். பசுவை விற்று எருமைக்குத் தீனி வாங்குகிற கதை.

வரிசையில் மட்டும், சொட்டுநீர்க் குழாய் ஓடுகிற பட்டையில் மட்டும் கொடுக்கலாம் என்பார்கள். அது நியாயமான யோசனைதான், ஏக்கரில் ஐந்தில் ஒரு பங்கு மண் என்று வைத்தால் 16 கிலோ, பதினாறாயிரம். இந்த அளவில் பசுமைக்குடிலில் குடைமிளகாய், வெள்ளரி போடுகிறவர்கள் யோசிக்கலாம், அவர்களுக்கு மற்ற எல்லாச் செலவும் அதற்கு ஏற்ற மாதிரி பெரியது, ஒரே மண்ணில் வருடம் முழுக்க அதே பயிர் என்பதால் புழுவும் பெரியது. ஆனாலும் சொட்டுநீரில் கொடுக்கும்போது எண்ணெய் தண்ணீரோடு கலக்காமல் மிதக்கும் என்பதை மறக்கக் கூடாது. குழம்பாக்கும் பொருள் சரியாகச் சேர்க்காவிட்டால் முதல் பத்துச் செடிக்கு எண்ணெயும் மிச்சத்துக்கு வெறும் தண்ணீரும் போகும். வேப்பெண்ணெய்க்கு நாம் போடுகிற காதி சோப்பு இதற்கும் ஓரளவு ஆகும், ஆனால் ஓரளவுதான்.

மண்ணும் பார்க்க வேண்டும். அந்த இஸ்ரேல் சோதனை நடந்தது மணற்பாங்கான மண்ணில். களிமண்ணும் மட்கிய உரமும் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், புழு இருக்கும் நீர்ப்படலத்துக்கு அது போய்ச் சேராது. மச்சானின் செம்மண்ணில் ஏதாவது நடக்கலாம், தொழு உரம் நிறையப் போட்ட கரிசலில் அதே அளவு எண்ணெய் பாதி வேலைகூடச் செய்யாது.

ஆவியாகிப் போகிற இந்தச் சிக்கல் கம்பெனிக்காரர்களுக்கும் தெரியும். ஜெரானியாலையும் தைமாலையும் ஈஸ்ட் செல்லின் வெறும் ஓட்டுக்குள் அடைத்து மெல்ல மெல்ல வெளியே விடுகிற மாதிரி ஈடன் ரிசர்ச் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் உருவாக்கிய 'செட்ரோஸ்' ஐரோப்பாவில் நூற்புழுவுக்கென்றே பதிவாகியிருக்கிறது. பூண்டுச் சத்தைக் குருணையாக்கி பிரிட்டனில் கேரட் வயலுக்குப் போடும் 'நெம்கார்ட்' இன்னொன்று. இவற்றைப் பார்த்துவிட்டு "வெளிநாட்டுல வேலை செய்யுது, இங்க ஏன் செய்யாது" என்று கேட்பவர்களுக்கு என் பதில், அங்கே வேலை செய்வது அந்த ஓடும் குருணையும் சேர்ந்துதான். நாம் வாங்கப் போவது ஊதுபத்திக்காரரும் சோப்புக்காரரும் வாங்குகிற அதே கேனில் இருக்கும் எண்ணெய், அதிலும் எத்தனை பங்கு எண்ணெய், எத்தனை பங்கு மினரல் ஆயில் என்பது விற்றவருக்கே வெளிச்சம். நான் ஒரு தடவை வாங்கிய 'சுத்தமான' எலுமிச்சைப்புல் எண்ணெயை ஒரு சொட்டு வெள்ளைத்தாளில் விட்டு வைத்தேன், மறுநாள் வாசனை போய்விட்டது, எண்ணெய்க் கறை மட்டும் போகவில்லை. வாசனை எண்ணெய் அனேகமாகக் கறை இல்லாமல் பறக்க வேண்டும்.

இப்போது எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களைப் பார்ப்போம். முதலில் வேப்பம் புண்ணாக்கு, பழைய ஆள். எக்டருக்கு 250 கிலோ, அதாவது ஏக்கருக்கு 100 கிலோ கடைசி உழவில் போடச் சொல்வது வழக்கமான அளவு. கிலோ முப்பது ரூபாய் என்று வைத்தால் மூவாயிரம், நூற்புழு அதிகமுள்ள நிலத்தில் இரண்டு மடங்கு போட்டாலும் ஆறாயிரம். இது எண்ணெய் மாதிரி மூன்று நாளில் காலியாவதில்லை, மட்கும்போது அம்மோனியாவும் கசப்புப் பொருட்களும் வாரக்கணக்கில் வெளிவரும், அந்த மட்கை நம்பி நூற்புழுவைத் தின்னும் பூஞ்சைகள் பெருகும், புழு சாகாவிட்டாலும் செடிக்குத் தழைச்சத்தாவது மிஞ்சும். குறை, அதன் வேலை மெதுவானது, சந்தையில் எண்ணெயை ஒட்டப் பிழிந்த சக்கையும் கலப்படமும் நிறைய. புண்ணாக்கை வாயில் ஒரு துளி வைத்துப் பார்த்து வாங்குகிற பெரியவர்களை நான் கேலி செய்ததுண்டு, இப்போது நானும் அதைத்தான் செய்கிறேன்.

அடுத்தது உயிரியல் மருந்துகள், அதாவது நூற்புழுவை ஒடுக்குகிற நுண்ணுயிர்கள். பர்புரியோசிலியம் லைலாசினம் (பழைய பாக்கெட்டுகளில் பேசிலோமைசிஸ் என்று இருக்கும், அதே ஆள்தான்) நூற்புழுவின் முட்டையைத் துளைத்துத் தின்னும் பூஞ்சை. கவனியுங்கள், எண்ணெய் எங்கே கோட்டை விடுகிறதோ அங்கே, முட்டைக் கூட்டில், இது வேலை செய்கிறது. ஒரு டன் தொழு உரம், 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு, இதோடு இந்தப் பூஞ்சையும் சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாவும் இரண்டிரண்டு கிலோ, நிழலில் ஈரம் காயாமல் மூடி வைத்து இரண்டு மூன்று வாரம் கழித்து வயலில் போடுகிற முறை பரவலாக இருக்கிறது. வெறும் பாக்கெட்டைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டுப் பலன் இல்லை என்று சொல்பவர்கள் இந்த மூன்று வாரத்தைத் தாண்டிப் போனவர்கள்தான் அதிகம். பாக்கெட்டின் தேதியைப் பாருங்கள், கடைக்காரர் அதை வெயிலில் வைத்திருந்தாரா என்றும் பாருங்கள், உயிருள்ள சரக்கு அது.

ஒரு முக்கியமான விஷயம். எண்ணெயும் வேண்டும், பூஞ்சையும் வேண்டும், இரண்டையும் சேர்த்து அடித்தால் இரட்டைப் பலன் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். தைமாலும் யூஜினாலும் நூற்புழுவைக் கொல்வதற்கு முன்னால் பூஞ்சையைக் கொல்லும், அந்தப் பொருட்களைப் பூஞ்சாணக்கொல்லியாகவும் விற்கிறார்கள். எண்ணெய்க்கு நல்லவன் கெட்டவன் தெரியாது, டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சை, லைலாசினம் எல்லாம் ஒன்றுதான். இரண்டும் வேண்டும் என்றால் எண்ணெய் முதலில், இரண்டு வாரம் கழித்து உயிர்ச் சரக்கு.

செண்டுமல்லியைப் பற்றி எனக்கு எழுதிக்கொண்டே போக ஆசை. இதன் வேரில் ஆல்ஃபா டெர்தைனில் என்ற பொருள் இருக்கிறது, புழு வேருக்குள் நுழைந்ததும் அங்கேயே மாட்டிக்கொள்கிறது. எண்ணெய் விவகாரத்தோடு இதை ஒப்பிடும்போதுதான் ஒரு விஷயம் பிடிபடும். மெந்தால் புதினாவின் எண்ணெய் தட்டில் நூற்புழுவைப் படுக்க வைக்கும், ஆனால் உத்தரப் பிரதேசத்தில் அதே மெந்தால் புதினா வயலுக்கு வேர்முடிச்சு நூற்புழுதான் பெரிய தலைவலி! ஏனென்றால் புதினா தன் எண்ணெயை இலையில் உள்ள சுரப்பிகளில் சேமிக்கிறது, புழு கடிப்பதோ வேரை. செண்டுமல்லி ஆயுதத்தை வேரிலேயே வைத்திருக்கிறது. அதனால் "வாசனைச் செடியை ஊடுபயிராக வைத்தால் நூற்புழு ஓடும்" என்று துளசியையும் புதினாவையும் வரப்பில் நடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

செண்டுமல்லியிலும் வரிசைக்கு ஒரு செடி என்று அலங்காரத்துக்கு வைத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது, அது புழுவை வரவழைத்துக் கொல்லும் பொறி, அதன் வேர் போகாத இடத்தில் புழு சௌகரியமாகத் தக்காளியைத் தின்னும். நெருக்கமாக, முழு நிலத்திலும், இரண்டு மூன்று மாதம் அதை மட்டுமே வளர்க்க வேண்டும். நடுவில் களையாக முளைக்கிற மணத்தக்காளி, கீரை, பழைய தக்காளியின் தப்பு முளை இவற்றைப் பிடுங்காமல் விட்டால் செலவு வீண், புழு அதில் குடும்பம் நடத்தும். ஆடியில் நாற்று நட்டால் ஆயுத பூஜைச் சந்தைக்குப் பூ வரும் என்பதால் இது ஒன்றுதான் நூற்புழுவுக்கு மருந்து போட்டுக்கொண்டே காசும் பார்க்கிற வழி. பூ விலை ஒரு நாள் எண்பது, மறுநாள் எட்டு என்று இருக்கும், அது தனி வயிற்றெரிச்சல்.

ரசாயனத்தை ஒதுக்கிவிட்டு எழுதினால் நேர்மையாக இருக்காது. இந்தத் துறையில் பழைய மருந்துகளின் வரலாறு மோசமானது: டிபிசிபி என்ற புகைமருந்தை தயாரித்த கலிஃபோர்னியாத் தொழிலாளர்களுக்கு விந்தணு இல்லாமல் போனது 1977-ல் வெளியே வந்தது, மெத்தில் புரோமைடு என்ற இன்னொரு புகைமருந்து ஓசோன் படலத்தைக் காக்கும் ஒப்பந்தத்தில் போனது, நம்மூர் ஃபோரேட் குருணை 2020 இறுதியோடு தடையானது. எண்ணெய்களுக்குத் திடீர் மவுசு வந்ததே இந்த இடம் காலியானதால்தான். இப்போது கிடைக்கும் புதியவை ஃப்ளூபைரமும் ஃப்ளூயென்சல்ஃபோனும். பின்னது புழுவை நிஜமாகவே கொல்கிறது, மயக்கி விடுவதில்லை. ஃப்ளூபைரம் முதலில் பூஞ்சாணக்கொல்லியாக வந்தது, வேலை செய்யும் அளவு எண்ணெயோடு ஒப்பிட்டால் மிக மிகக் குறைவு, சொட்டுநீரில் போய்விடும், ஆனால் மண்ணில் மாதக்கணக்கில், சில இடங்களில் வருடம் தாண்டியும் தங்கும். தக்காளி நட்டு இரண்டாவது வாரம் ஆபத்தான நிலையில் ஒருவர் இருந்தால், லேபிளில் தன் பயிர் இருந்தால், நான் அவரை எண்ணெய் பக்கம் அனுப்ப மாட்டேன். இயற்கை விவசாயச் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு இந்தக் கதவு மூடியது, அவ்வளவுதான்.

ஒட்டு நாற்று பற்றி சுருக்கமாக. சுண்டைக்காய் வேரில் ஒட்டுக் கட்டிய கத்திரியும் தக்காளியும் வேர்முடிச்சைத் தாங்கும், ஒரு நாற்றின் விலை சாதா நாற்றைவிடப் பல மடங்கு. கத்திரி எட்டு மாதம் காய்க்கும் என்பதால் அதற்குக் கட்டும், தக்காளிக்கு எனக்குச் சந்தேகம். நூற்புழு தாங்கும் தக்காளி ரகம் என்று விதைப் பாக்கெட்டில் போட்டிருப்பதை நம்புவதற்கு முன், அந்தத் தாங்குதிறனைத் தரும் மரபணு மண்ணின் சூடு 28 டிகிரியைத் தாண்டினால் தளர்ந்துவிடும் என்பதையும், திண்டுக்கல் மண் பங்குனியில் எத்தனை டிகிரி இருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கொய்யாவுக்கு வருகிறேன், ஏனென்றால் எண்ணெய்க்கு என் கணக்கில் இடம் கிடைப்பது இங்கேதான். மெலாய்டோகைன் என்டரோலோபி என்ற கொடூரமான வேர்முடிச்சு நூற்புழு இந்தியாவில் கொய்யாவில் முதலில் பதிவானதே பழனிக்குப் பக்கத்து ஆயக்குடியில், 2016 வாக்கில். நூற்புழு தாங்கும் தக்காளி ரகங்களையும் சும்மா தாண்டிப் போகிற வகை இது. ஊர் ஊராகப் போனது எப்படி என்றால் கன்றோடு, பை மண்ணோடு. கன்று விற்பவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் 400 கன்று வாங்குகிறவர் நான்கு பையைக் கிழித்து வேரைக் கழுவிப் பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது. ஒரு நாற்றங்காலில் மச்சான் இதைக் கேட்டபோது "நம்பிக்கை இல்லாட்டி வாங்காதீங்க" என்றார்களாம். வாங்காமல் வந்தார், நல்லது.

பை மண்ணுக்குக் கணக்கு போடுங்கள். ஒரு டன் கலவைக்கு 100 முதல் 200 கிராம் எண்ணெய். நூறு, இருநூறு ரூபாய், ஓம எண்ணெய் மாதிரி விலை கூடியதாக இருந்தாலும் சில நூறு. மூன்று கிலோ பை என்றால் ஒரு டன்னில் 330 பை நிறையும், பைக்கு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. வயலில் எண்பதாயிரமாக இருந்த அதே மருந்து இங்கே டீக்காசு. அதோடு கலவையைக் குவித்து, ஈரமாக்கி, எண்ணெய்க் கரைசலைப் புரட்டிக் கலந்து, தார்பாயால் இறுக்கி மூடலாம், ஆவி வெளியே ஓடாது, வயலில் இதைச் செய்ய முடியாது. ஒரு வாரம் மூடி, ஒரு வாரம் திறந்து ஆற விட்டு, அப்புறம் கொஞ்சம் எடுத்து கேழ்வரகோ தக்காளி விதையோ தூவி முளைக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பையை நிரப்புவது என் வழக்கம். அந்த மிளகாய்த் தட்டுகளுக்கு அப்புறம் வந்த வழக்கம். கையுறை போடுங்கள், பட்டை எண்ணெய் தோலில் பட்டால் மிளகாய் அரைத்த கை மாதிரி எரியும், கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம்.

சித்திரை, வைகாசியாக இருந்தால் இதுகூடத் தேவையில்லை. கத்திரி வெயிலில் ஈர மண்ணின் மேல் மெல்லிய கண்ணாடி பாலித்தீன் விரித்து ஓரத்தை மண்ணால் மூடி நாலு முதல் ஆறு வாரம் விட்டால் மேல்மண்ணில் புழு வெந்துவிடும், முட்டையும் சேர்ந்து. சூரியனுக்குக் காசில்லை. ஆனால் கன்றுக்கு ஆள் வருவது ஆடி, ஆவணி மழையை நம்பி, அந்தச் சமயம் மூட்டம் போட்ட வானத்தை வைத்துக்கொண்டு பாலித்தீன் விரித்துப் பயனில்லை. அந்த இரண்டு மூன்று மாத இடைவெளியில் எண்ணெய் எனக்கு உதவுகிறது.

ஆக மச்சானுக்குச் சொன்னது இது. தக்காளியை இந்த ஆடியில் நட வேண்டாம், முழு ஏக்கருக்கும் செண்டுமல்லி, ஆயுத பூஜைக்குப் பூவை எடுத்துவிட்டுச் செடியை அங்கேயே மடக்கி உழுவது. அதற்குள் தொழு உரத்தோடு புண்ணாக்கும் லைலாசினமும் கலந்து நிழலில் ஊற வைப்பது, தக்காளி நடும் வரிசையில் அதைப் போடுவது. புண்ணாக்கு 150 கிலோ, உயிர்ச் சரக்கு, கூலி எல்லாம் சேர்த்தாலும் வரிசைக்கு மட்டும் எண்ணெய் ஊற்றுகிற செலவுக்குக் கீழேதான் நிற்கிறது. கொய்யாவைத் தக்காளி நிலத்தில் வைக்கவே வேண்டாம், வடக்குப் பக்கம் சோளம் போட்ட மேட்டு நிலத்தில், வேரைப் பார்த்து வாங்கிய கன்று. எண்ணெய் நாலு லிட்டர் வேண்டாம், 250 மில்லி வாங்கி என்னிடம் கொடுங்கள், உங்கள் கன்றுக்கான பை மண்ணுக்கு அது தாராளம்.

முழுசாக நம்பவில்லை அவர். சரி, உங்கள் மண்ணிலேயே பார்த்துவிடலாம் என்று தோட்டத்தின் மோசமான மூலையிலிருந்து இரண்டு சாக்கு மண் எடுத்து வந்தோம். பன்னிரண்டு பை: நாலில் ஒன்றும் கலக்கவில்லை, நாலில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் கணக்கில் ஓம எண்ணெய், நாலில் கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. இரண்டு வாரம் ஆற விட்டு எல்லாவற்றிலும் ஒரே தட்டின் தக்காளி நாற்றை வைத்திருக்கிறேன். நாற்பதாம் நாள் பிடுங்கி முடிச்சை எண்ண வேண்டும், ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கும் நேரம் அது. வேப்பம் புண்ணாக்குப் பை இப்போதைக்குக் கரும்பச்சையாக நிற்கிறது, அது தழைச்சத்தின் வேலையாகவும் இருக்கலாம், இலையைப் பார்த்து முடிவு சொல்ல மாட்டேன். எண்ணெய் கலந்த அன்று கொட்டகை முழுக்க ஒரே ஓம வாடை. அம்மா எட்டிப் பார்த்து, யாருக்கு வயிறு சரியில்லை என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.